மாடி 900 சதுர அடி, மேல்மண் களி: மழைத் தண்ணீரை எங்கே விடுவது?

#1 மாடிவீடு_மடிப்பாக்கம்

30க்கு 40 மனை. மொட்டைமாடி 900 சதுர அடி, தட்டோடு பதித்தது. பின்பக்கம் 28 அடி ஆழத்தில் திறந்த கிணறு. மே மாதம் அடியில் ஒரு முழம் தண்ணீர்தான் நிற்கும், மார்கழியில் தரையிலிருந்து 5 அடிக்கு ஏறிவிடும். போர் 180 அடி, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 1600. மண் 6, 7 அடி வரை களி, அதற்குக் கீழே மணல் கலந்த மண்.

முன்பக்கம் 2003ல் போட்ட கூழாங்கல் குழி ஒன்று இருக்கிறது: 3க்கு 3, ஆழம் 5 அடி. சுமாரான மழைக்கே நிரம்பி வாசலில் வழிகிறது. பழைய கல்லை அள்ளிவிட்டு புதுக் கல் கொட்டினால் போதும் என்கிறார் மேஸ்திரி. அது போதுமா? மழைநீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்துவைக்க முடியுமா? போர்த் தண்ணீர் உப்பு குறையுமா?

#2 உறைக்காரன்

போதாது சார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 900 சதுர அடி என்பது 84 சதுர மீட்டர். தட்டோடு கொஞ்சம் குடிக்கும், கொஞ்சம் ஆவியாகும், 80 சதவீதம் கைக்கு வரும். 50 மி.மீ. மழைக்கு 3,360 லிட்டர். சென்னைக்கு ஆண்டுக்கு 1,400 மி.மீ. என்று வைத்தால் 94,000 லிட்டர் உங்கள் மாடியிலிருந்து மட்டும் இறங்குகிறது.

உங்கள் குழி 45 கன அடி. காலியாக இருந்தால் 1,270 லிட்டர் பிடிக்கும். கூழாங்கல் நிரப்பியதும் கல்லுக்கு இடையே உள்ள சந்து 40 சதவீதம்தான், ஆக 500 லிட்டர். 7, 8 மி.மீ. மழையிலேயே குழி நிறைந்துவிடும். அதைவிடப் பெரிய கோளாறு, குழியின் அடி 5 அடியில் நிற்கிறது. உங்கள் களி 7 அடி வரை போகிறது. கல்லை மாற்றினாலும் தண்ணீர் இறங்க வழி கிடையாது.

2003ல் அவசரச் சட்டம் வந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது ஊர் முழுக்க இதே அளவில் குழி வெட்டினார்கள். பெசன்ட் நகர் மணலில் அது வேலை செய்தது. களிமண் பகுதிகளில் அதே குழி முதல் இரண்டு மழைக்காலத்துக்குள் வண்டல் அடைத்துக்கொண்டது. திட்டம் நல்ல திட்டம். மண்ணைப் பார்க்காமல் ஒரே அளவை எல்லா வீட்டுக்கும் போட்டதுதான் தப்பு.

உங்களிடம் திறந்த கிணறு இருக்கிறது. பாதி வேலை முடிந்த மாதிரி. மாடித் தண்ணீர் கிணற்றுக்குப் போகட்டும். வாசல், போர்ட்டிகோ தண்ணீரில் வண்டல் அதிகம், அதைக் கிணற்றில் விடக்கூடாது. அதற்கு முன்பக்கம் தனி உறை கிணறு (சிமென்ட் வளையங்களை அடுக்கிய கிணறு) இறக்குங்கள், உள்ளே எதையும் நிரப்பாமல் காலியாக விடுங்கள். இரண்டையும் ஒரே குழாயில் சேர்க்கவே கூடாது.

#3 கரைமணல்

சின்னச் சேர்க்கை. கடலோர மணலில் இருப்பவர்களுக்கு 3 அடி விட்டம், 8 அடி ஆழத்தில் ஒரு உறை கிணறே தாராளம், தண்ணீர் விட்ட வேகத்தில் இறங்கும். அங்கே மழைநீரை இறக்குவது இன்னும் அவசியம். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்தால், கீழே உப்புநீர் 40 அடி வரை அழுந்தும். உறிஞ்சும்போதும் அதே கணக்கு தலைகீழாக நடக்கும். கடற்கரையில் ஆழ போர் போட்டு உறிஞ்சிக்கொண்டே, மழைநீரைத் தெருவில் விட்டால் உப்பு மேலே ஏறத்தான் செய்யும்.

#4 குழாய்வாட்டம்

மாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

100 மி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் கொட்டினால், ஒரு 4 இன்ச் இறக்கக் குழாய் ஏறத்தாழ 42 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும். உங்களுக்கு இரண்டு குழாய், மாடியின் எதிரெதிர் மூலைகளில். 3 இன்ச் குழாய் ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மாடியில் தண்ணீர் கட்டி ஈரம் உள்ளே இறங்கும். எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீருக்கான பிவிசி) குழாயில் ஏ வகை மழைநீருக்கானது, பி வகை கழிவறைக்கானது. ஏ போதும். ரப்பர் ரிங் ஜாயின்ட் போடுங்கள், 6 அடிக்கு ஒரு கிளாம்ப். வெயில் படும் பக்கம் பெயின்ட் அடித்தால் குழாய் சீக்கிரம் நொறுங்காது.

குழாய் வாயில் தட்டையான ஜாலி வேண்டாம். ஒரே ஒரு வேப்பிலைக் கொத்து வந்து படுத்தால் மொத்த வாயும் மூடிக்கொள்ளும். கூம்பு மாதிரி மேலே எழும்பி நிற்கும் டோம் ஜாலி போடுங்கள், இலை அடியில் தேங்கினாலும் மேல்பக்கம் வழியாகத் தண்ணீர் போகும். தட்டோட்டின் வாட்டம் வாய்ப்பக்கம் சரியாக இருக்கிறதா என்பதை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே தெரியும்.

படுக்கைக் குழாய்க்கு 8 அடிக்கு 1 இன்ச் வாட்டம். திருப்பங்களில் ஒரே 90 பாகை எல்போ வேண்டாம், 45 பாகை இரண்டாகப் போடுங்கள், அடைப்பு எடுக்கக் கம்பி போகும்.

அடுத்தது முதல் மழைத் தண்ணீர். மாடித் தூசி, புறா எச்சம், காய்ந்த இலைச் சாறு எல்லாம் முதல் 1 மி.மீ. மழையோடு கழுவி வரும். உங்களுக்கு அது 84 லிட்டர். 6 இன்ச் குழாய் மீட்டருக்குப் பதினெட்டரை லிட்டர் பிடிக்கும். ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) வைத்து, அதற்குக் கீழே 8 அடி நீளத்துக்கு 6 இன்ச் குழாயை நிறுத்தினால் 45 லிட்டர். இரண்டிலும் 90. அடியில் மரையுள்ள எண்ட் கேப், அதில் 3 மி.மீ. துளை. அழுக்குத் தண்ணீர் முதலில் அந்த நிற்கும் குழாயை நிரப்பும், நிரம்பிய பிறகு வருவது டீயின் பக்கவாட்டில் வெளியேறும். மழை நின்றதும் துளை வழியாகச் சில மணி நேரத்தில் தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும்.

அந்தத் துளைதான் எமன். ஒரு மழைக்காலத்தில் நாலைந்து தடவை அடைக்கும். கேப்பைக் கழற்றினால் குழைந்த சேறு ஒரு கை நிறைய விழும், கரும்பச்சை, கோழிக்கூண்டு நாற்றம். அதைக் கண்ணால் பார்த்தவர் பிறகு இந்தக் குழாய் வேண்டாம் என்று சொல்லமாட்டார். சிமென்ட் வைத்து கேப்பை ஒட்டிவிடும் பிளம்பர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று தடுங்கள்.

#5 செங்கல்ஜல்லி

உறைக்காரன் சொல்வதில் ஒன்று ஒப்பவில்லை. காலிக் கிணறு என்றால் சரியும், குழந்தைகள் விழும், கொசு வளரும். செங்கல் ஜல்லியும் மணலும் போட்டால் வடிகட்டுவதும் நடக்கும். எதற்காகக் காலியாக விட வேண்டும்?

#6 உறைக்காரன்

நியாயமான கேள்வி. மூன்றுக்கும் வழி இருக்கிறது, ஆனால் நிரப்புவது வழி இல்லை.

நிரப்பிய குழியில் வண்டல் எங்கே போகும்? கல் சந்துக்குள். அதை எடுக்க மொத்தக் கல்லையும் வெளியே அள்ளிக் கழுவ வேண்டும், யாரும் செய்வதில்லை. செங்கல் ஜல்லி இன்னும் மோசம், ஊறி ஊறிக் கரைந்து சிவப்புச் சேறாகி அடியை அதுவே பூசிவிடும். காலிக் கிணற்றில் வண்டல் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் படியும். சித்திரையில் வெடித்துக் காய்ந்து கிடக்கும்போது மண்வெட்டியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

சரியாமல் இருக்கத்தான் உறை. 3 அடி விட்டம், 1 அடி உயரம், பக்கத்தில் துளை வைத்த சிமென்ட் உறைகள் 12. உங்கள் களியைத் தாண்டி மணலுக்குள் 5 அடியாவது போகும். வெட்டும் பள்ளம் 4 அடி விட்டம் இருக்கட்டும், உறைக்கு வெளியே சுற்றிலும் கிடைக்கும் அரை அடி இடைவெளியில் 20 மி.மீ. ஜல்லி நிரப்புங்கள். தண்ணீர் பக்கவாட்டில் கசிய அந்த ஜல்லிதான் வழி. உள்ளே வரும் குழாய் 2 அடி ஆழத்தில் இருந்தால் அதற்குக் கீழே 10 அடி, அதாவது 2,000 லிட்டர் நிற்கும். மேலே கம்பி கட்டிய கனத்த ஸ்லாப், மேன்ஹோல் மூடியோடு, தரையைவிட அரை அடி உயரமாக. கொசுவுக்கு மூடியின் ஓரத்தைச் சாந்து வைத்து அடையுங்கள், காற்றுக் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள். மணலில் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிட்டால் கொசு பிறக்க அவகாசமே இல்லை.

அதற்கு முன்னால் வண்டல் தொட்டி கட்டாயம். 2க்கு 2, ஆழம் இரண்டரை அடி, செங்கல் கட்டி உள்ளே பூசியது. வெளியேறும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில், வாயில் வலையோடு. கேட் ஓரம் 1 அடி அகலத்தில் கம்பி ஜாலி போட்ட குறுக்குக் கால்வாய் வெட்டி, வாசல் தண்ணீரை இந்தத் தொட்டிக்குத் திருப்புங்கள். வண்டி கழுவும் எண்ணெய்த் தண்ணீர் இதில் சேரக்கூடாது. அஸ்திவாரத்திலிருந்து 5 அடியாவது தள்ளி வெட்டுங்கள். செப்டிக் டேங்க் இருந்தால் 30 அடிக்கு அப்பால், முடிந்தால் 50.

களி 20 அடிக்கும் கீழே போகிற இடங்களுக்கு வேறு வழி. உறை கிணற்றின் அடியிலிருந்து 6 இன்ச் கைத்துளை போட்டு மணல் வரும்வரை இறக்கி, துளை வைத்த குழாய் சொருக வேண்டும். அந்தக் குழாயின் தலை கிணற்றின் அடியைவிட 2 அடி உயர்ந்து, வலை சுற்றி நிற்க வேண்டும். தரையோடு தரையாக வெட்டிவிட்டால் முதல் வண்டலே உள்ளே போய் அடைத்துவிடும்.

மண் எப்படி என்று தெரியாதவர்கள் முதலில் 3 அடி குழி தோண்டி, முந்தின இரவு தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். காலையில் 1 அடி உயரத்துக்கு ஊற்றி ஒரு மணி நேரம் பாருங்கள். முழுதும் இறங்கினால் மணல். ஒன்றிரண்டு இன்ச்தான் இறங்கியது என்றால் களி. இன்னும் ஆழம் போய் அதே சோதனையைச் செய்யுங்கள்.

#7 ஊருணி_ராமநாதபுரம்

குடிநீர் பற்றி. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு, அதனால் பூமிக்குள் விடுவதைவிடத் தொட்டியில் பிடிப்பதுதான் முதல் வேலை. உங்கள் டிடிஎஸ் 1600க்கும் அது பொருந்தும்.

ஐந்து பேருக்கு, ஆளுக்கு 10 லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் என்றால் நாளைக்கு 50 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி 100 நாள் வரும். மார்கழிக் கடைசியில் நிரம்பி நின்றால் சித்திரை தொடக்கம் வரை தாட்டலாம். தொட்டியை அதற்குமேல் பெரிதாக்கினால் செலவும் இடமும் கூடும், ஒரு வீட்டுக்கு இந்த அளவே நிதானமானது. போர்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஒரு சொட்டுகூட அதில் கலக்காதீர்கள், தனிச் சம்ப்.

சூரிய வெளிச்சம் துளியும் உள்ளே படக்கூடாது, பட்டால் பாசி பிடிக்கும். உள்ளே வரும் குழாயை அடிவரை இறக்கி, கடைசியில் எல்போ வைத்து வாயை மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள். அப்போதுதான் வரும் தண்ணீர் அடியிலுள்ள மண்டியைக் கிளப்பாது. எடுக்கும் குழாய் அடியிலிருந்து அரை அடி மேலே. வழியும் குழாய், உள்ளே வரும் குழாயைவிட ஒரு சுற்றும் சின்னதாக இருக்கக்கூடாது, வாயில் வலை. புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டி என்றால் இரண்டு மூன்று தடவை நிரப்பி இறைத்துக் கொட்டுங்கள், முதல் தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் இருக்கும்.

1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். பவுடரை அப்படியே தூவக்கூடாது. ஒரு குவளையில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். குடிக்க எப்படியும் கொதிக்கவைப்பதே நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள்.

#8 போர்_கோடம்பாக்கம்

திறந்த கிணறு இல்லாதவர்கள் மாடிக் குழாயை நேராக போருக்குள் விடலாமா? பக்கத்துத் தெருவில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், தண்ணீர் சரசரவென்று இறங்குகிறது.

#9 உறைக்காரன்

ஓடுகிற போரில் விடவே வேண்டாம். சரசரவென்று இறங்கும்போது தூசியும் எச்சமும் சேர்ந்தே இறங்குகிறது. போரின் ஓட்டைகள் அடைபட்டால் திறக்க வழி கிடையாது. அழுக்கு நேராக ஆழ ஊற்றில் கலந்தால் பக்கத்து வீட்டாரும் அதையே குடிப்பார்கள். மண் வழியாக இறங்கும் தண்ணீரை மண்ணே வடிகட்டித் தரும், நேர் போரில் அந்தக் காவல் இல்லை. வற்றிப்போன பழைய போர் இருந்தால், அதைச் சுற்றி உறை கிணறு இறக்கி, வண்டல் தொட்டி, வலை எல்லாம் வைத்து விடலாம்.

மாடிவீடு சார் கேட்ட உப்பு விஷயம்: 28 அடி கிணற்றில் விடும் தண்ணீர் மேல் ஊற்றில்தான் சேரும். கிணற்றுத் தண்ணீரின் டிடிஎஸ் அதே மழைக்காலத்தில் இறங்குவதை மீட்டரில் பார்க்கலாம். 180 அடி போருக்கு அது உடனே போய்ச் சேராது. ஆகவே புழக்கத்துக்குக் கிணற்றில் மோட்டார் வைத்து, போரை ஓய விடுங்கள். மேலே சேர்ப்பதும் கீழே உறிஞ்சுவதுமாக இருந்தால் பலன் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கிணறு மார்கழியில் 5 அடிக்கு நிற்கிறது. 12 அடி உறை கிணறும் அப்போது ஊற்றுத் தண்ணீரில்தான் மூழ்கியிருக்கும், புதுத் தண்ணீர் இறங்க இடமே இருக்காது. பூமி வாய் திறந்து கிடப்பது ஆனி முதல் புரட்டாசி வரை. அந்த நான்கு மாதத்தில், ஜூன் முதல் செப்டம்பருக்குள், சென்னைக்கு 400 மி.மீ.க்கு மேல் மழை உண்டு, மாலையில் இடியோடு கொட்டிவிட்டுப் போகும் மழை. ஐப்பசி அடைமழைக்குத் தயாராகலாம் என்று அக்டோபரில் வேலை ஆரம்பிப்பவர்கள் அந்த 400ஐச் சாக்கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வைகாசிக்குள் முடியுங்கள். வெட்டவும் அப்போதுதான் சுலபம், ஊற்று கீழே இருக்கும்.

#10 செங்கல்ஜல்லி

காலிக் கிணறு விஷயம் சரி, ஏற்கிறேன். ஆனால் மாடித் தண்ணீர் திறந்த கிணற்றுக்குப் போகும் முன் மணல் வடிகட்டி வேண்டுமல்லவா?

#11 குழாய்வாட்டம்

மணல் வேண்டாம். 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது உங்கள் மாடியிலிருந்து மணிக்கு 6,700 லிட்டர் வரும். இரண்டரை அடிச் சதுரத் தொட்டியில் முக்கால் அடி மணல் அதைக் கடத்தாது, தொட்டி வழியும். வழிந்தால் யாராவது மணலைக் கிளறிவிடுவார்கள், அப்புறம் மணலே கிணற்றுக்குள் போகும். முதல் மழைத் தண்ணீரை ஒதுக்கியாகிவிட்டது. மீதிக்கு அதே தொட்டியின் அடியில் 40 மி.மீ. ஜல்லி முக்கால் அடி, மேலே நைலான் வலை, அதன்மேல் கூழாங்கல் அரை அடி போதும். ஆண்டுக்கு ஒருமுறை வலையைச் சுருட்டித் தூக்கினால் கூழாங்கல் அப்படியே வெளியே வரும், குழாயடியில் கழுவிப் போட்டுவிடலாம். கிணற்றுக்குள் வரும் குழாய் சுவரிலிருந்து 1 அடி நீட்டிக்கொண்டு, கீழ்நோக்கி எல்போவோடு இருக்கட்டும். சுவரோடு வழிந்தால் பழைய செங்கல் சாந்து அரித்துப்போகும்.

#12 மாடிவீடு_மடிப்பாக்கம்

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்தது இது: இரண்டு 4 இன்ச் இறக்கம், ஒவ்வொன்றிலும் 8 அடி நிற்கும் குழாய். முதலில் 5,000 லிட்டர் தனிச் சம்ப், அது வழிவது கூழாங்கல் தொட்டி வழியாகக் கிணற்றுக்கு. வாசல் தண்ணீர் வண்டல் தொட்டிக்கு, பிறகு 12 உறை இறக்கிய ஒரு கிணற்றுக்கு. பழைய குழி இருக்கும் இடத்தையே ஆழப்படுத்தப் போகிறோம். உறை கிணறு வழிவது தெரு மழைநீர்க் கால்வாய்க்கு. உறுதியாக இருக்க அடியில் கான்கிரீட் போட்டு, உறை இணைப்புகளைச் சிமென்ட் வைத்துப் பூசித் தருவதாக மேஸ்திரி சொல்கிறார். கிணற்றையும் தூர் வாரச் சொல்லியிருக்கிறேன்.

#13 உறைக்காரன்

கான்கிரீட்டும் வேண்டாம், பூச்சும் வேண்டாம்! இரண்டையும் போட்டால் அது தண்ணீர்த் தொட்டி, ஒரு சொட்டும் பூமிக்குப் போகாது. அடியில் 1 அடிக்கு 40 மி.மீ. ஜல்லி மட்டும் பரப்புங்கள். உறைமேல் உறை வெறுமனே உட்காரட்டும். மேல் 2 உறைகளுக்கு மட்டும் பூச்சு, மேல்மண் உள்ளே சரியாமலிருக்க. வெட்டும்போது 5 அடிக்கு மேல் ஆழம் போனதும் உறையை இறக்கிக்கொண்டே, உறைக்குள் நின்று தோண்டச் சொல்லுங்கள், வெறும் பள்ளத்தில் ஆளை இறக்கக்கூடாது. அப்படி இறக்கும் உறைக்கு வெளியே தானாக இடைவெளி நிற்காது, ஒரு சுற்று கடப்பாரையால் விட்டுக்கொடுத்து ஜல்லியை அவ்வப்போது தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

தெருவுக்குப் போகும் வழிகுழாயின் மட்டம் முக்கியம். வெள்ளம் வந்தால் தெருத் தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து அதே குழாய் வழியாக உள்ளே திரும்பும். 2015 டிசம்பரில் எவ்வளவு நின்றது என்று பக்கத்துச் சுவரில் கறை இருக்கும், பாருங்கள். அந்த உயரத்துக்குக் குழாயை ஏற்ற முடியாவிட்டால் திருப்பமில்லா வால்வு ஒன்று போட்டு, ஆண்டுதோறும் அதன் தகட்டைத் துடையுங்கள்.

தூர் வாருபவர்களுக்காக ஒன்று. மூடிக் கிடந்த கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்த்துவிட்டு ஆளை இறக்குவது போதாது. சாக்கடை வாயு விளக்கை அணைக்காது, ஆளைத்தான் சாய்க்கும். பெட்ரோல் என்ஜின் பம்பை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது. மேலிருந்து காற்று ஊதும் புளோயர், இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள். இவை இல்லையென்றால் வேலையை அன்றைக்கு நிறுத்துங்கள்.

#14 குழாய்வாட்டம்

நான் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மாடியில் வாஷிங் மெஷின் இருக்கிறதா? துணிக்கல், சோலார் ஹீட்டர் வடிகால்? பல வீடுகளில் அந்தக் குழாயைப் பக்கத்திலிருக்கும் மழை இறக்கத்திலேயே சொருகியிருப்பார்கள். சோப்புத் தண்ணீர் மொத்தமும் உங்கள் குடிநீர்ச் சம்புக்கு வரும்.

வேலை முடிந்ததும், முதல் மழைக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மாடியின் ஒரு வாயில் மட்டும் டேங்க் ஹோஸ் வைத்து 100 லிட்டர் விடுங்கள், கீழே ஒருவர் சம்ப் மூடியைத் திறந்து பார்க்கட்டும். முதல் 45 லிட்டர் வராமல் இருந்து, பிறகு வரத் தொடங்க வேண்டும். அடுத்த வாயிலும் அதே மாதிரி. கடைசியாக மெஷினை ஒரு சுற்று ஓடவிட்டு, சம்பில் நுரை வருகிறதா என்று பாருங்கள்.

#15 மாடிவீடு_மடிப்பாக்கம்

மெஷின் இருக்கிறது. பின்பக்க இறக்கத்தில்தான் சொருகியிருக்கிறார்கள், இப்போதுதான் ஏறிப் பார்த்தேன். அதைக் கழிவுநீர்க் குழாய்க்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.